சிடி மீட்டர் பொருத்துவதற்கு முன்: செட்டிநாட்டில் ஆலை, மண்டபம், விடுதி தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

புதுவயலில் அரிசி ஆலையோ, காரைக்குடியில் திருமண மண்டபமோ, கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டைப் புதுப்பித்துத் தங்கும் விடுதியோ தொடங்குகிறவர்களுக்கு, மின்சுமை ஓரளவைத் தாண்டியதும் சிடி மீட்டர் வந்து சேர்ந்துவிடும். சிடி என்பது கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது பெரிய மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் கருவி. எங்கள் விடுதிக்கு மின்இணைப்பை உயர்த்தியபோது, இதைப் பற்றி முழுமையாகச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. ஒப்பந்தக்காரருக்கு வயரிங் தெரிந்திருந்தது, கடைக்காரருக்கு விலை தெரிந்திருந்தது. சிடியின் தகட்டில் பொறித்திருந்த எண்களுக்கு என்ன பொருள் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வந்தது. அந்த எண்களில் ஒன்று தவறினாலும் ஒவ்வொரு மாத மின்கட்டணப் பட்டியலும் தவறும் என்பதால், நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. மின்வாரியத்தின் சீல் வைத்த பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் நீங்கள் திறக்கக் கூடாது. நேர்மையற்ற நோக்கத்தோடு மீட்டரில் கைவைப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி திருட்டுக் குற்றமாகும். இங்கே சொல்லப்படும் இணைப்பு வேலைகள் அனைத்தும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டியவை. உங்கள் வேலை, சரியானதைக் கேட்டு வாங்குவதும் செய்ததைச் சரிபார்ப்பதும்தான்.

1. எந்த சிடி யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வீட்டு மீட்டர்களில் மின்னோட்டம் முழுவதும் மீட்டருக்குள் நேரடியாகவே பாய்கிறது. நூறு ஆம்பியரைத் தாண்டும் இடங்களில் அது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே மும்முனை இணைப்பின் ஒவ்வொரு பேஸிலும் (முனையிலும்) ஒரு சிடியைப் பொருத்தி, பெரிய மின்னோட்டத்தை 5 ஆம்பியர் அல்லது 1 ஆம்பியர் அளவுக்குக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கிறார்கள். 150/5 என்றால், கேபிளில் 150 ஆம்பியர் ஓடும்போது மீட்டருக்கு 5 ஆம்பியர் போகிறது என்று பொருள்.

ஒரு கட்டடத்தில் இருவகை சிடிகள் இருக்கும். பட்டியல் போடுவதற்கான மீட்டரோடு சேர்ந்தவை முதல் வகை. அவை மின்வாரியத்தின் கட்டுப்பாட்டில், சீலுக்குள் இருப்பவை. உங்கள் சொந்தப் பேனலில் சரிபார்ப்பு மீட்டருக்கும், கெப்பாசிட்டர் பேனலின் ரிலேக்கும், வாடகைக்கு விட்ட பகுதியின் துணை மீட்டருக்கும் நீங்கள் வாங்கிப் பொருத்துபவை இரண்டாம் வகை. முதல் வகையின் விவரங்களை அறிந்து குறித்து வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. இரண்டாம் வகையைத் தேர்ந்தெடுப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. செலவை மிச்சப்படுத்த எண்ணி, "ஏற்கெனவே இருக்கிற சிடியிலேயே நம்ம மீட்டரையும் கோத்துவிடலாம் அண்ணே" என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். மின்வாரிய சிடியின் சுற்றில் வேறெந்தக் கருவியையும் சேர்ப்பது சட்டப்படியும் தவறு, அளவீட்டையும் கெடுக்கும்.

2. உண்மையான மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள், உச்சத்தையும் அடிமட்டத்தையும்

மும்முனை 415 வோல்ட் இணைப்பில், கிலோவாட்டை 1000-ஆல் பெருக்கி, அதை 1.732, 415, பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். பவர் ஃபேக்டர் 0.9 என்றால், 75 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 116 ஆம்பியர்.

எல்லோரும் இந்த உச்ச அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். துல்லியத்தைத் தீர்மானிப்பது அடிமட்ட அளவும்தான். எங்கள் பகுதியின் தொழில்களில் இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் மிக அதிகம். முகூர்த்த நாளில் எல்லா ஏசியும் ஓடும் மண்டபம், ஆடி மாதத்தில் காவலாளி அறையின் விளக்கோடும் தண்ணீர் மோட்டாரோடும் நின்றுவிடும். டிசம்பரிலும் ஜனவரியிலும் நிரம்பி வழியும் விடுதி, கோடையில் இரண்டு அறைகளோடு ஓடும். அரிசி ஆலைக்கும் நெல் வரத்து இல்லாத நாட்கள் உண்டு. ஆகவே, இருக்கும் இணைப்பில் ஒரு கிளாம்ப் மீட்டரை (கேபிளைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கருவியை) வைத்து, வேலை மும்முரமாக நடக்கும் நேரத்திலும் ஒன்றும் ஓடாத இரவு நேரத்திலும் மூன்று பேஸ்களிலும் ஆம்பியரைத் தனித்தனியே எழுதிவையுங்கள். புதிய கட்டடம் என்றால் கருவிகளின் பட்டியலைக் கொண்டு இரண்டு அளவுகளையும் மதிப்பிடுங்கள்.

3. விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள்: பெரியது பாதுகாப்பு என்பது தவறான எண்ணம்

"பெருசாப் போட்டுருங்க, பின்னால லோடு ஏறும்" என்பது இங்கே ஒப்பந்தக்காரர்கள் வாடிக்கையாகச் சொல்லும் அறிவுரை. கேபிளுக்கும் மெயின் சுவிட்சுக்கும் இது பொருந்தலாம். சிடிக்குப் பொருந்தாது. சிடியின் துல்லியம் என்பது அதன் முழு மின்னோட்டத்தில் இத்தனை சதவீதம் ஓடும்போது இவ்வளவு பிழை என்று வரையறுக்கப்பட்ட ஒன்று. ஓட்டம் குறையக் குறைய அனுமதிக்கப்பட்ட பிழை கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குக் கீழே எந்த உறுதியும் கிடையாது.

மேலே சொன்ன 75 கிலோவாட் விடுதியையே எடுத்துக்கொள்வோம். உச்சம் 116 ஆம்பியர், ஆளில்லாத இரவில் 8 ஆம்பியர். இதற்கு 150/5 சிடி போட்டால், உச்சத்தில் அது 77 சதவீதத்திலும், அடிமட்டத்தில் 5 சதவீதத்துக்குச் சற்று மேலும் நிற்கும். எதிர்காலத்தை எண்ணி 400/5 போட்டால், உச்சத்திலேயே 29 சதவீதம்தான் வரும். இரவில் வெறும் 2 சதவீதம். வருடத்தில் பாதி நாட்கள் குறைந்த சுமையில் ஓடும் ஒரு கட்டடத்தில், அந்த நாட்களின் கணக்கு முழுவதும் உறுதியில்லாத பகுதியில் விழுந்துவிடும்.

உச்ச மின்னோட்டம் சிடியின் முதன்மை அளவில் (150/5-இல் 150) 60 முதல் 100 சதவீதத்துக்குள் வருமாறு தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. சிடி பொதுவாக 120 சதவீதம் வரை தன் துல்லியத்தைக் காக்க வடிவமைக்கப்படுகிறது. மோட்டார் கிளம்பும்போது சில நொடிகள் மின்னோட்டம் பலமடங்கு ஏறுவதால் சிடி கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளில் சுமை இரட்டிப்பாகும் என்று உறுதியாகத் தெரிந்தால், 200-100/5 என்பது போல இரட்டை விகித சிடியை வாங்கி, இப்போதைக்குச் சிறிய விகிதத்தில் இணைக்கச் சொல்லலாம். ஆனால் எந்த விகிதத்தில் இணைத்திருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கி வைத்தாக வேண்டும். இந்த வகையில்தான் குழப்பம் அதிகம் வருகிறது.

உயர் அழுத்த இணைப்பு வாங்குவோருக்கும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் சிறியவை. 250 கேவிஏ என்பது 11 கிலோவோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர், 22 கிலோவோல்ட்டில் ஆறரை ஆம்பியர் மட்டுமே. ஆகவே அங்கே 15/5, 10/5 போன்ற விகிதங்களைப் பார்த்து வியப்படைய வேண்டாம்.

4. தகட்டை வரிவரியாகப் படியுங்கள்

ஒரு நல்ல தாழ்வழுத்த அளவீட்டு சிடியின் தகட்டில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 150/5 ஏ, 5 விஏ, 0.5எஸ், எஃப்எஸ் 5, 0.66/3 கேவி, 50 ஹெர்ட்ஸ். அதன் கீழே வரிசை எண்ணும், தயாரித்த ஆண்டும், தர நிர்ணய எண்ணும் இருக்கும். பழைய சரக்கில் ஐஎஸ் 2705 என்றும் புதியதில் ஐஎஸ் 16227 என்றும் பார்ப்பீர்கள். 0.66/3 கேவி என்பது 660 வோல்ட் வரையிலான அமைப்புக்கு உரியது, 3 கிலோவோல்ட் காப்புச் சோதனையைத் தாங்கியது என்று சொல்கிறது. வரிசை எண் இல்லாத சிடியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஏனென்றால் அதற்கான சோதனைச் சான்று என்று எந்தக் காகிதத்தையும் காட்டிவிட முடியும்.

இவற்றில் நீங்கள் நின்று பார்க்க வேண்டியது துல்லிய வகுப்பு. வகுப்பு 0.5 என்றால் எப்போதும் அரை சதவீதப் பிழைதான் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. முழு ஓட்டத்திலும் 120 சதவீதத்திலும்தான் அரை சதவீதம். 20 சதவீத ஓட்டத்தில் 0.75 சதவீதமும், 5 சதவீத ஓட்டத்தில் 1.5 சதவீதமும் அனுமதி உண்டு. ஐந்துக்குக் கீழே வரையறையே இல்லை. 0.5எஸ் வகுப்போ 20 சதவீதத்திலேயே அரை சதவீதத்துக்குள் வந்துவிட வேண்டும். 5 சதவீதத்தில் 0.75, 1 சதவீத ஓட்டத்தில்கூட 1.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 0.2எஸ் இதைவிடக் கறார்: 20 சதவீதம் முதல் 120 சதவீதம் வரை 0.2, 5 சதவீதத்தில் 0.35, 1 சதவீதத்தில் 0.75. சுமை ஏறி இறங்கும் மண்டபத்துக்கும் விடுதிக்கும் அந்த 'எஸ்' என்ற ஓரெழுத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்போகாது. இரவும் பகலும் ஒரே சுமையில் ஓடும் ஐஸ் ஆலைக்கு அவ்வளவு அவசியமில்லை.

பிழை என்பது அளவில் மட்டும் வருவதில்லை. சிடியிலிருந்து வெளிவரும் மின்னோட்டம் சிறிதளவு கோணம் மாறியும் வரும். வகுப்பு 0.5-க்கு முழு ஓட்டத்தில் 30 கோண நிமிடங்கள் வரை இது அனுமதிக்கப்படுகிறது. பவர் ஃபேக்டர் 0.9 இருக்கும் இடத்தில் இந்தக் கோணப் பிழையால் யூனிட் கணக்கில் சுமார் 0.4 சதவீத வித்தியாசம் வரும். அதே சிடி, பவர் ஃபேக்டர் 0.5 ஆக இருக்கும் இடத்தில் ஒன்றரை சதவீதம் வரை காட்டும். கெப்பாசிட்டர்களை ஒழுங்காக வைத்திருப்பது அபராதத்தைத் தவிர்ப்பதற்கு மட்டுமல்ல, அளவீட்டின் நேர்மைக்கும் தேவை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

தகட்டில் 5பி10, 10பி10 என்று இருந்தால் அது பாதுகாப்பு ரிலேக்கான (கோளாறு நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும் கருவிக்கான) சிடி. எங்களுக்கு முதலில் வந்த பெட்டியில் இருந்தவை அவைதான். விகிதம் சரியாக இருந்ததால் கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று வாதாடினார். இரண்டும் ஒன்றல்ல. 5பி10 என்பது பத்து மடங்கு மின்னோட்டம் பாயும் கோளாறு நேரத்தில் மொத்தப் பிழை 5 சதவீதத்தைத் தாண்டாது என்று உறுதி தருகிறது. அன்றாட ஓட்டத்தில் அளவீட்டுக்குத் தேவையான துல்லியத்தை அது தருவதில்லை. அளவீட்டுக்கு அதை ஏற்காதீர்கள்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2006-ஆம் ஆண்டு மீட்டர் விதிமுறைகளின்படி, நுகர்வோர் மீட்டர் 650 வோல்ட் வரை வகுப்பு 1.0 அல்லது அதைவிடச் சிறந்ததாகவும், அதற்கு மேல் 33 கிலோவோல்ட் வரை 0.5எஸ் அல்லது சிறந்ததாகவும் இருக்க வேண்டும். சிடியின் வகுப்பு அதோடு சேர்ந்த மீட்டரின் வகுப்பைவிடத் தாழ்ந்ததாக இருக்கக் கூடாது. 0.5எஸ் மீட்டர் வாங்கிவிட்டு, வகுப்பு 1 சிடியோடு அதை இணைப்பது பணத்தை வீணாக்குவதே. மீட்டரின் பிழையும் சிடியின் பிழையும் ஒரே பக்கமாகச் சேர்ந்தும் வரலாம்.

5. பர்டனையும் வயரையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

தகட்டில் உள்ள 5 விஏ என்பதுதான் பர்டன், அதாவது சிடி தன் துல்லியம் கெடாமல் தாங்கக்கூடிய சுமை. மீட்டரின் சுமை மிகச் சிறியது. மின்னணு மீட்டரின் மின்னோட்டச் சுற்று ஒரு பேஸுக்கு 1 விஏ-க்குள்தான் எடுக்கும். மீதியைத் தின்பது சிடிக்கும் மீட்டருக்கும் இடையே ஓடும் வயர்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு இது பொதுவிதியைவிடக் கூடுதலாகப் பொருந்துகிறது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டில், பேனல் பின்கட்டில் இருக்கும். எண்களைப் பார்க்க வசதியாகச் சரிபார்ப்பு மீட்டரை முகப்பு அலுவலகத்தில் வைக்கத் தோன்றும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.0074 ஓம் மின்தடை. தூரம் 10 மீட்டர் என்றால் போகவர 20 மீட்டர், 0.148 ஓம், 5 ஆம்பியரின் வர்க்கமான 25-ஆல் பெருக்கினால் 3.7 விஏ. மீட்டருக்கு அரை விஏ சேர்த்தாலும் 5 விஏ-க்குள் அடங்கிவிடும். தூரம் 25 மீட்டர் ஆகும்போது வயர் மட்டுமே 9.25 விஏ எடுக்கும். 5 விஏ சிடி அங்கே திணறும், மீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கும். அதே தூரத்துக்கு 1 ஆம்பியர் சிடியும் 1 ஆம்பியர் மீட்டரும் போட்டால் வயரின் சுமை 0.37 விஏ மட்டுமே. எனவே, முடிந்தால் மீட்டரைப் பேனலிலேயே வைத்து, தகவலை மட்டும் தொடர்புக் கம்பி வழியாக முகப்புக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் 1 ஆம்பியர் அமைப்பைக் கேளுங்கள்.

அப்படியென்றால் 15 விஏ சிடியை வாங்கிவிட்டால் கவலை இல்லையே என்று தோன்றும். அதுவும் தவறு. துல்லிய வகுப்பு என்பது குறித்த பர்டனில் 25 முதல் 100 சதவீதம் வரையிலான சுமைக்கே உறுதி செய்யப்படுகிறது. பேனலுக்குள்ளேயே 3 மீட்டர் வயரோடு முடியும் இணைப்பின் மொத்தச் சுமை 1.6 விஏ அளவுதான். 5 விஏ சிடிக்கு இது எல்லைக்குள் வரும். 15 விஏ சிடிக்குக் குறைந்தது 3.75 விஏ வேண்டும் என்பதால் எல்லைக்கு வெளியே போய்விடும்.

எஃப்எஸ் 5 என்பதைப் பற்றி ஒரு வரி போதும். கோளாறு நேரத்தில் மின்னோட்டம் ஐந்து மடங்கை நெருங்கும்போது சிடி தானே நிறைவடைந்து, மீட்டருக்குள் அதற்கு மேல் பாயவிடாமல் தடுக்கும். அளவீட்டுக்கு எண் குறைவாக இருப்பது நல்லது. பர்டனைத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பும் தளர்ந்துவிடும்.

6. காகிதங்களையும் செலவையும் முன்கூட்டியே வரிசைப்படுத்துங்கள்

மின்இணைப்பு விண்ணப்பத்தைத் தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். உரிமை ஆவணம், சொத்துவரி ரசீது, கருவிகளின் மின்சுமைப் பட்டியல், வேலை முடிந்தபின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் தரும் நிறைவு அறிக்கை ஆகியவை தேவைப்படும். எங்கள் ஊர்ப் பக்கம் அதிக நாட்களை விழுங்குவது இவற்றில் முதலாவதுதான். பூர்வீக வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவாக இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார்கள். பங்காளிகளின் ஒப்புதல் கடிதத்தை எந்த வாசகத்தில், எந்த முத்திரைத்தாளில் ஏற்பார்கள் என்று பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொண்டு, அதன்பின் எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அனுப்புங்கள். குடும்பத்தார் ஒரு படைப்புக்கோ (முன்னோர் வழிபாட்டுக்கோ) கல்யாணத்துக்கோ ஊரில் கூடும் நாளை இதற்குப் பயன்படுத்திக்கொண்டால் கையெழுத்துகள் ஒரே நாளில் முடிந்துவிடும்.

மின்வாரியத்துக்குச் செலுத்துவதில் பதிவுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், மீட்டர் வைப்புத்தொகை, பாதுகாப்பு வைப்புத்தொகை என்று தலைப்புகள் தனித்தனியே இருக்கும். தொகைகள் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுக்கேற்ப மாறுபவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பணத்தையும் இணையவழியில் செலுத்தி, ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள்.

சொந்தமாக வாங்கும் சிடிகளுக்கு விலை கேட்கும்போது, விகிதம், வகுப்பு, பர்டன், எஃப்எஸ், துளையின் அளவு ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுத்து, சரக்குச் செலவும் ஜிஎஸ்டியும் சோதனைச் சான்றும் உள்ளடங்கிய விலையைக் கேளுங்கள். "150/5 மூணு எவ்வளவு?" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் வகுப்பு 1 சிடியின் விலைதான், அதை 0.5எஸ் விலையோடு ஒப்பிட்டு, பின்னது அநியாயம் என்று எண்ணக் கூடாது. நாடா சுற்றிய சிடியைவிட ரெசின் வார்ப்பு சிடிக்கு விலை கூடுதல். தவிட்டுத் தூசியும் ஈரமும் உள்ள ஆலைகளுக்கு ரெசின் வார்ப்பையே நான் சொல்வேன். ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும் தனித்தனியே சோதனைச் சான்று வர வேண்டும். அதில் 5, 20, 100, 120 சதவீத ஓட்டங்களில், எஸ் வகுப்பென்றால் 1 சதவீதத்திலும், அளவுப் பிழையும் கோணப் பிழையும் எண்களாக இருக்க வேண்டும். "தேர்ச்சி" என்று மட்டும் எழுதிய தாள் சான்றாகாது. ஐயம் இருந்தால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கலாம்; கட்டணம் ஒரு சிடிக்கா, மூன்றுக்கும் சேர்த்தா, எத்தனை நாளில் அறிக்கை வரும் என்பவற்றை அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பேனல் செய்யக் கொடுக்கும் முன்பே சிடி கையில் இருக்க வேண்டும். பஸ்பார் (பேனலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உலோகப் பட்டை) அகலத்துக்கும் சிடியின் துளைக்கும் பொருந்தாமல், முடிந்த பேனலைப் பிரித்து மீண்டும் செய்வது இரட்டைச் செலவு.

7. பொருத்தும் நாளில் உடனிருங்கள்

சிடியின் உடம்பில் பி1, பி2 என்றும், முனைகளில் எஸ்1, எஸ்2 என்றும் குறித்திருக்கும். மின்சாரம் வரும் பக்கம் பி1 இருக்க வேண்டும். மூன்று சிடிகளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் திரும்பியிருந்தால், சமமான சுமையில் திசையைக் கணக்கிடும் மீட்டர் மூன்றில் ஒரு பங்கையே காட்டும். ஒரு சிடியின் வயர் விட்டுப்போனால் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு பேஸ்களின் சிடி வயர்கள் மாறிப்போனால், சமமான சுமையில் மூன்று பேஸ்களின் கூட்டல் பூஜ்யத்துக்கே வந்துவிடும். மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்க மீட்டர் நின்றிருக்கும். இவை எதுவும் உங்களுக்கு லாபமல்ல. மின்னணு மீட்டர்கள் சிடி திரும்பியிருப்பதையும் விடுபட்டிருப்பதையும் நேரத்தோடு பதிவு செய்பவை. பின்னாளில் அது முறைகேடாகப் பார்க்கப்பட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

துளை வகை சிடியில் கேபிள் எத்தனை முறை உள்ளே போகிறது என்று பாருங்கள். 100/5 சிடிக்குள் இரண்டு முறை நுழைத்தால் அது 50/5 ஆகிவிடும்.

உயிருக்கு ஆபத்தான ஒன்று உண்டு. மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும் சிடியின் எஸ்1, எஸ்2 முனைகளை ஒருபோதும் திறந்துவிடக் கூடாது. திறந்தால் அந்த முனைகளில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் எழும், சிடியும் கெடும். மீட்டரைக் கழற்ற வேண்டுமானால் முதலில் அந்த முனைகளை ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். அதற்கான டெஸ்ட் டெர்மினல் பிளாக்கை உங்கள் பேனலில் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். எஸ்1, எஸ்2 பக்கத்துச் சுற்றை ஓரிடத்தில் மட்டும் எர்த் செய்ய வேண்டும்.

மின்வாரிய மீட்டர் பொருத்தப்படும்போது, சீல் வைக்கும் முன் அனுமதி கேட்டு, மூன்று சிடிகளின் தகடுகளையும் மீட்டரின் தகட்டையும் தெளிவாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பொருத்திய அறிக்கையின் நகலில் வரிசை எண்கள், விகிதம், பெருக்குக் காரணி (அடுத்த பகுதியில் விளக்கம்), தொடக்க அளவு, சீல் எண்கள் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.

8. பெருக்குக் காரணியை முதல் பட்டியலிலேயே சரிபாருங்கள்

மீட்டர் காட்டும் யூனிட்டை எந்த எண்ணால் பெருக்கிப் பட்டியல் போடுகிறார்கள் என்பதே பெருக்குக் காரணி; பட்டியலில் எம்எஃப் என்று இருக்கும். 150/5 சிடியோடு சாதாரண 5 ஆம்பியர் மீட்டர் என்றால் அது 30. மீட்டரே 100/5 சிடிக்கென்று அமைக்கப்பட்டு, களத்தில் 200/5 இருந்தால் அது 2. மீட்டருக்குள்ளேயே விகிதம் பதிவு செய்யப்பட்டிருந்தால் 1. சிடி 150/5 ஆக இருக்க, கணினியில் 200/5 என்று ஏறிவிட்டால் காரணி 40 ஆகிப் பட்டியல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வகுப்பு வித்தியாசத்தால் வருவது ஒரு சதவீதம். இதில் வருவது முப்பத்து மூன்று. மாதம் 15,000 யூனிட் ஓடும் இடத்தில் ஒரு யூனிட்டை 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்னது 1,350 ரூபாய், பின்னது 45,000 ரூபாய்.

குறைவாகப் பதிவானாலும் நிம்மதி இல்லை. ஹரியானாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 10 என்று இருக்க வேண்டிய பெருக்குக் காரணி 5 என்று பதிவாகியிருந்தது. விடுபட்ட தொகையைப் பின்னாளில் கேட்டது செல்லும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே காரணி எந்தப் பக்கம் தவறியிருந்தாலும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய ஓர் எளிய சோதனை உண்டு. மீட்டரின் முகப்பில் மினுக்கும் சிறு விளக்கின் பக்கத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்ற எண் பொறித்திருக்கும். அது 10,000 என்றும், பத்து மினுக்கல்களுக்கு 9 நொடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 3600-ஐ 10-ஆல் பெருக்கி, 10,000-ஐயும் 9-ஐயும் பெருக்கிய தொகையால் வகுத்தால் 0.4 கிலோவாட், காரணி 30-ஆல் பெருக்கினால் 12 கிலோவாட். அதே நேரத்தில் உங்கள் பேனலில் ஒப்பந்தக்காரர் கிளாம்ப் மீட்டரால் அளந்து, ஒவ்வொரு பேஸிலும் 18.5 ஆம்பியரும் பவர் ஃபேக்டர் 0.9-உம் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. கிளாம்ப் மீட்டருக்கே இரண்டு மூன்று சதவீதப் பிழை உண்டு என்பதால் வகுப்பை இதைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. ஆனால் விகிதத் தவறும், திரும்பிய சிடியும், விட்டுப்போன வயரும் இதில் தப்பாமல் பிடிபடும். நெல் அரவை நிலையாக ஓடும் நேரத்தில் செய்யுங்கள். லிஃப்ட்டும் ஏசியும் நின்று ஓடும் நேரத்தில் செய்தால் எண்கள் ஆடும்.

9. ஐயம் வந்தால் எந்த வரிசையில் போவது

முதலில் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மனுவில் "பில் அதிகமாக வருகிறது" என்று மட்டும் எழுதினால், ஏசி அதிகம் ஓடியிருக்கும் என்ற பதிலோடு அது முடிந்துவிடும். தகட்டுப் படம், பொருத்திய அறிக்கை, பட்டியலில் உள்ள காரணி, மினுக்கல் சோதனையின் எண்கள், அதே காலத்துக்கான சரிபார்ப்பு மீட்டரின் கணக்கு ஆகியவற்றை இணைத்து, இன்ன இடத்தில் இவ்வளவு வித்தியாசம் என்று எழுதுங்கள். மீட்டரோடு சிடிகளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று தனி வரியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் மீட்டரை மட்டும் சோதித்துச் சரி என்று எழுதிவிட வாய்ப்புண்டு. சோதனைக் கட்டணத்தைச் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் எம்ஆர்டி (மீட்டர், ரிலே சோதனை) பிரிவினர் வந்து சோதிக்கும்போது, போதிய சுமை ஓடும்படி ஆலையையோ ஏசிகளையோ தயாராக வையுங்கள். வெறும் விளக்குச் சுமையில் நடத்தும் சோதனையால் பயன் குறைவு.

நுகர்வோர் மீட்டர்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும் என்று 2006 விதிமுறைகளிலேயே இருக்கிறது. கடைசியாகச் சோதித்த தேதியைக் கேட்டு, ஐந்தாண்டு கடந்திருந்தால் அதையும் மனுவில் சுட்டிக்காட்டுங்கள். பதில் வராவிட்டாலோ பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, மின்பகிர்மான வட்ட அளவில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் முறையிடலாம்; அதற்கும் மேல் மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு இந்த இரண்டு படிகளுக்கும் வழி செய்திருக்கிறது. விசாரணை நடக்கும்போதும் வரும் பட்டியல்களைக் கெடு தேதிக்குள் செலுத்திக்கொண்டே, ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துவதாக ஒவ்வொரு முறையும் கடிதம் கொடுத்துவிடுங்கள். இணைப்பைத் துண்டிக்க யாருக்கும் காரணம் கொடுக்காமல் வழக்கை நடத்த இதுவே வழி.